கொடிமரம் வைத்த கக்கூஸ்

திண்டிவனத்தில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாகக் கக்கூஸ் கட்டியவன் நான்தான்.

பொய். கட்டியவன் என் மச்சான். கட்ட வைத்தவள் என் பெண்டாட்டி. நான் மணல் சலித்தேன். அதிலும் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், மீதியை மச்சானே சலித்துக்கொண்டான். ஆனாலும் நாலு பேர் கூடுகிற இடத்தில் என் வாய் ‘நான் கட்டினேன்’ என்றுதான் சொல்லும். வீட்டு வரி ரசீது என் பேரில்தானே வருகிறது. வரி கட்டுகிறவனுக்குப் பெருமை அடிக்கவாவது பாத்தியதை வேண்டாமா?

செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெரு எங்களுடையது. எண்பதுகளில் அந்த முனையில் எனக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. சைக்கிள் விடுவேன், பஞ்சர் ஒட்டுவேன், காத்து அடிப்பேன், மிச்ச நேரத்தில் வாய் அடிப்பேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரே ஒரு தடவை மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து லீவு. எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டதெல்லாம் பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான். அதனால் இன்றைக்கும் தப்பில்லாமல் எனக்கு எழுத வருவது ஊர்ப் பெயர்கள் மட்டும். மற்றதைப் படிக்கிறவர்கள் பெரிய மனசு பண்ணிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வீடு அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு. முன்னால் ஒரு அறை, நடுவில் கூடம், பின்னால் சமையல், அதற்கும் பின்னால் ஒரு முருங்கை மரம். எங்கள் தெருவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வீட்டில் எதைச் செய்தாலும் வரி ஏறிவிடும். சுவரைப் பூசினால் ஏறும், புது ஓடு மாற்றினால் ஏறும், சுண்ணாம்பு அடித்தால்கூட ஏறும். அதனால் நாங்கள் வீட்டுக்கு உள்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடிப்போம். தெருப் பக்கம் அப்படியே காரை பெயர்ந்து கிடக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் தெருவில் நுழைந்ததும் முகம் சுருங்குவார்கள், கூடத்துக்குள் வந்ததும் மலர்வார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். நகராட்சியில் இருந்து யார் வந்து என்றைக்குச் சுண்ணாம்புக்கு வரி போட்டார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அப்பா சொன்னார், அப்பாவுக்கு அவர் அப்பா சொன்னார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அதை நம்பினால் ஒரு வேலையும் செய்ய வேண்டியதில்லை.

என் பெண்டாட்டி விழுப்புரத்துக்காரி. அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ் ஒரு தீப்பெட்டி. கல்யாணம் பேசப் போனபோது, ‘இதுக்குள்ள என் சைக்கிள நிறுத்தினா நீங்கள்லாம் வெளிய நிக்கணும்’ என்று நான் சிரித்தேன். ஆனால் அந்தத் தீப்பெட்டிக்குப் பின்னால் கதவும் தாழ்ப்பாளும் வைத்த ஒரு கக்கூஸ் இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கல்யாணமாகி வந்த அன்றைக்குச் சாயங்காலம் அவள் மெதுவாக என்னிடம், ‘எங்க போறது?’ என்றாள். நான் ஏரிப் பக்கம் கையைக் காட்டினேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையைத் தாண்டி ஏரிக்கரை, கரை ஓரமெல்லாம் கருவேல முள்.

‘எவ்ளோ எடம் பாரு. உங்க குவார்ட்டர்ஸ்ல இவ்ளோ உண்டா?’ என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருப் பெண்களோடு விடியலில் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை போய் வந்தாள். அப்புறம் நான் ஒன்றைக் கவனித்தேன். சித்திரை வெயிலில்கூட அவள் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. நான் சொம்பு சொம்பாகக் குடிப்பேன், அவள் நாக்கை நனைத்துவிட்டு வைத்துவிடுவாள். நான் அவளுக்கு ‘ஒட்டகம்’ என்று பேர் வைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், ‘எங்க வீட்ல ஒரு ஒட்டகம் கட்டியிருக்கேன், தண்ணி செலவே இல்ல’ என்று சொல்லிச் சிரிப்பேன். நல்ல பேர் வைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

முதல் குழந்தைக்கு விழுப்புரம் போனவள் திரும்பி வரவில்லை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கடை லீவு நாளிலெல்லாம் பஸ் ஏறிப் போய், வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

‘கைப்புள்ளய வுட்டுட்டு நான் அந்த முள்ளுக்குப் போவ முடியாது. கக்கூஸு கட்டு, வர்றேன்.’

‘கட்டலாம். வரி ஏறுமே.’

‘எவ்ளோ ஏறும்?’

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ‘ஏகத்துக்கும் ஏறும். கடைய வித்துத்தான் கட்டணும்.’

அவள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். விழுப்புரத்தில் கொத்தனார் வேலை பார்க்கிறவன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘வரிக்கு பயந்துக்கினு வயித்த கட்டிக்கினு கெடக்கிற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான் மாமா’ என்றான்.

‘நான் எங்கடா மச்சான் கட்றேன்?’

‘ஆமா இல்ல. நீ எங்க கட்டற? அக்காவ கட்டச் சொல்ற.’

அடுத்தவனைச் சிரிக்க வைத்தே பழகியவனுக்கு, தன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. நான் மோரைக் குடித்தேன்.

‘கல்லு, சிமெண்டு, தொட்டி நீ வாங்கு. கூலி வேணாம்’ என்றான் மச்சான்.

‘தண்ணியும் நீதான் தூக்கியாந்து ஊத்தணும். தெருக் கொழாய்லேர்ந்து. புள்ளயத் தூக்கிக்கினு நான் கொடமும் தூக்க மாட்டேன்’ என்றாள் அவள்.

ஒப்புக்கொண்டேன். மச்சான் வந்து முருங்கை மரத்தடியில் குழி எடுத்தான், சுவர் வைத்தான், கதவு மாட்டினான். கெட்ட காற்று போவதற்கென்று கூரைக்கு மேலே உயரமாக ஒரு அஸ்பெஸ்டாஸ் குழாயும் நிறுத்தினான். பார்த்துவிட்டு எதிர்வீட்டு அண்ணன், ‘இன்னாடா, ரேடியோ ஸ்டேஷனா?’ என்று கேட்டார். அவள் குழந்தையோடு வந்து இறங்கினாள். இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

கொஞ்ச மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒருநாள் கடையில் ஒரு சேதி விழுந்தது. நகராட்சியில் வீட்டு வரியைத் திருத்தி எழுதப்போகிறார்கள், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தெருத் தெருவாக வந்து அளந்து பார்க்கிறார், நம் தெரு அடுத்த வாரம்.

அந்த வாரம் எங்கள் தெருவே ஏழையாகிவிட்டது. காலிங் பெல் வைத்திருந்தவர்கள் கழற்றினார்கள். வாசலுக்குச் சிமெண்டுத் தரை போட்டிருந்தவர்கள் மேலே சாணம் மெழுகினார்கள். எதிர்வீட்டு அண்ணன் அரிசி மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். முந்தின வருஷம்தான் கூரையைப் பிரித்துவிட்டு மேலே சிமெண்டுத் தளம் போட்டு மெத்தை வீடாக்கியிருந்தார். அவர் ஆள் வைத்து, அந்த மெத்தைக்கு மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிட்டார். கீழேயிருந்து பார்த்தால் குடிசை. தாங்க முடியாத வறுமை.

‘உன் கக்கூஸ இன்னா பண்ணப் போற?’ என்று அவர்தான் கேட்டார்.

‘இன்னாண்ணே பண்றது?’

‘சாமி ரூமுன்னு சொல்லிடு. எந்த ஆபீசரும் சாமிக்கு வரி போட மாட்டான்.’

மூளை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன். செய்தேன். கக்கூஸ் கதவில் மஞ்சளும் குங்குமமும் வைத்தேன், மாவிலைத் தோரணம் கட்டினேன், வாசலில் கோலம் போட்டேன். அந்தக் குழாயின் தலையில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டேன். கதவுக்கு ஒரு பூட்டு. சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு அவளிடம், ‘அந்த ஆளு வந்துட்டுப் போற வரைக்கும் பழைய எடத்துக்கே போய்க்கினு இரு’ என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எதுவும் இல்லை. கோபம் இருந்தால் ஜோக்கடித்துச் சமாளித்திருப்பேன். ‘சரி’ என்றாள்.

இன்ஸ்பெக்டர் சொன்ன வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் பக்கத்துத் தெருவோடு நின்றுவிட்டார். கோலத்தை நான் தினமும் புதுப்பித்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் சொம்பை எடுத்து நாக்கை நனைத்துவிட்டுக் கீழே வைத்ததைப் பார்த்தேன்.

‘ஒட்டகம் திரும்பி வந்துடுச்சு’ என்றேன்.

‘ஒட்டகம் இல்லய்யா. குடிச்சா போவணும். பகல்ல எங்க போறது? அதான் குடிக்கறதில்ல’ என்றாள். சோற்றைப் போட்டுக்கொண்டே, சாதாரணமாக, குழம்பில் உப்பு கம்மி என்பதுபோலச் சொன்னாள். ‘கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்டித்தான். உனக்கு சிரிப்பா இருந்துச்சு, சரின்னு வுட்டுட்டேன். புள்ளைக்கு பால் குடுக்கறேன் இப்ப. தண்ணி குடிக்காம முடியல.’

நான் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டேன்.

‘நாளைக்கு அந்த ஆளு வந்தா வர்றான். வரலன்னா நான் சாயங்கால வண்டிக்கு விழுப்புரம் போறேன். இந்த வாட்டி நீ வந்து கூப்பிடாத.’

கூடத்து மூலையில் அவள் பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். குழந்தையின் சட்டைகளை மேலாக மடித்து வைத்திருந்தாள். நான் அதைத் தாண்டித்தான் சாப்பிட வந்திருக்கிறேன், பார்க்கவில்லை. கக்கூஸ் கட்டினால் வரி என்ன ஆகும் என்று ஊரெல்லாம் கேட்டவன் நான். கட்டாவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று அவளைக்கூடக் கேட்டதில்லை. அன்றைக்கே பூட்டைத் திறந்துவிட்டிருக்கலாம்தான். ஆனால் எதிர்வீட்டு அண்ணன் அத்தனை செலவழித்துக் கீற்று போட்டிருக்கிறார், என்னால் மாட்டிக்கொள்வாரே என்று ஒரு யோசனை. மனுஷனுக்கு எப்போதும் சொந்த வீட்டைவிட எதிர்வீட்டுக் கவலை பெரிதாகப்படும்.

மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. கூட, டேப் பிடிக்க ஒரு ஆள். முன்னறையை அளந்தார்கள், கூடத்தை அளந்தார்கள், பின்பக்கம் வந்தார்கள். தோரணத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றினார். நான் தடுப்பதற்குள் கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேலே கூப்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டார். டேப் பிடித்த ஆள் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

‘இன்னா சாமிப்பா?’

‘பொம்பள சாமி சார். ரொம்ப உக்கிரம். கதவ தொறக்கக் கூடாது.’

அவர் மெதுவாகத் தலையை மேலே தூக்கினார். ‘அது இன்னா?’

‘கொடிமரம் சார்.’

‘அஸ்பெஸ்டாஸ்லயா?’

‘ஏழை வூட்டு சாமி சார்.’

அப்போதுதான் சமையலறையிலிருந்து அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் சாவி. உக்கிரமான பொம்பள சாமி என்று நான் சொன்னேனே, அன்றைக்கு நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

‘சார், அது கக்கூஸு. எழுதிக்குங்க. கொஞ்சம் நகுருங்க, நான் உள்ள போவணும்.’

குழந்தையை என் கையில் திணித்தாள். பூட்டைத் திறந்து, தோரணத்துக்கு அடியில் குனிந்து உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். டேப் பிடித்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். நானும் இன்ஸ்பெக்டரும் கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் இன்னும் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

‘கும்புட்டுட்டனேய்யா’ என்றார்.

‘சாமி தப்பா எடுத்துக்காது சார்.’

‘நீ பேசாத.’ செருப்பை மாட்டிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார், ‘எதுக்குய்யா இந்த வேலை? தெருவுல ஒரு வூடு பாக்கியில்ல. சிமெண்டுக்கு மேல கீத்தப் போட்டு வச்சிருக்கான் உங்க எதிர்வூட்டுக்காரன். சுவருக்குக்கூட சுண்ணாம்பு இல்ல.’

‘அடிச்சா வரி ஏறும்ல சார்?’

‘யாரு சொன்னா? சுண்ணாம்பு அடிக்கறது, ஒடஞ்ச ஓடு மாத்தறது, இதெல்லாம் ரிப்பேரு. இருக்கற வூட்ட இருக்கறபடி வச்சிக்கிறது. அதுக்கு வரி ஏறாது. புதுசா ஒரு ரூமு, கூரைய எடுத்துட்டு மெத்தை, இந்த மாதிரி கக்கூஸு, இதுக்குத்தான் ஏறும். அதுவும் நீ எவ்ளோ செலவு பண்ணேன்னு எனக்குத் தேவையில்ல. நீ தங்கத்துல தாழ்ப்பா போட்டாலும் எனக்கு ஒண்ணுதான். இந்த வூட்ட வாடகைக்கு வுட்டா எவ்ளோ வரும்? அத வச்சித்தான் வரி.’

‘நான்தான் வாடகைக்கு வுடலியே சார். நானே குடியிருக்கேன்.’

‘உனக்கு நீயே வாடகை குடுக்கறதா நெனச்சிக்கோ.’

‘அப்ப எனக்கு நான் ரொம்ப வருஷ பாக்கி சார்.’

அவர் சிரித்துவிட்டார். கதவுக்கு உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இருவரும் முருங்கை மரத்தைப் பார்த்தோம்.

‘கக்கூஸு இருந்தா வாடகை கூட குடுப்பாங்களா சார்?’ என்றேன். வரி குறைக்கக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

‘குடுப்பாங்களாவா? எங்க வூட்டுக்காரி, குடிபோறதுக்கு வூடு பாக்க வந்தா அடுப்படிய அப்புறம்தான் பாக்கறா. மொதல்ல நேரா பின்னாடி போய் இதத்தான் பாக்கறா. இது இல்லன்னா அவ்ளோதான், திரும்பி நடக்கறா.’

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை யோசித்தேன். எவனோ ஒருவன் இந்த வீட்டுக்குக் குடிவருவான், அவன் பெண்டாட்டி பின்பக்கம் போய்ப் பார்ப்பாள், அவளுக்குப் பிடித்துவிட்டால் அவன் வாடகை கூடக் கொடுப்பான். நான் முகம் பார்த்திராத அந்தப் பெண்ணின் சௌகரியத்துக்கு நகராட்சியில் ஒரு விலை இருக்கிறது, அதற்கு வரியும் இருக்கிறது. என் வீட்டில் சோறு போடுகிறவள் பகலெல்லாம் தொண்டை காய்ந்து கிடந்தாள், அதை நான் ஜோக்காக விற்றேன். வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து விற்றேன்.

கதவு திறந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே, ‘எழுதிட்டீங்களா சார்?’ என்றாள்.

‘எழுதறேம்மா. வரி கொஞ்சம் கூடும்.’

‘கூடட்டும். பேனாவுல எழுதுங்க, பென்சில்ல வேணாம்.’

‘ஏம்மா?’

‘இந்த ஆளு நாளைக்கே கொடிமரத்த வெட்டிட்டு ஆபீஸுக்கு வந்து, அழிங்கன்னு நிக்கும்.’

அவர் பேனாவில்தான் எழுதினார். அவள் உள்ளே போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்குத்தான் என்று நினைத்து அவர் கையை நீட்டினார். அவள் அண்ணாந்து, கடகடவென்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அப்புறம்தான் நீட்டின கையைப் பார்த்தாள். ‘ஐயோ, இருங்க சார்’ என்று இன்னொரு சொம்புக்கு உள்ளே ஓடினாள். போகிற வழியில், கூடத்திலிருந்த பையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

வரி நோட்டீஸ் வந்தபோது பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தேன். கூடியது உண்மை. ஆனால் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் ஓசியாக வாங்கிக் கொடுக்கிற டீச் செலவைவிடக் குறைவு. அதற்காக அந்த வரி முழுக்க நியாயம் என்று சொல்லமாட்டேன். சிமெண்டு நான் வாங்கினேன், குழி மச்சான் எடுத்தான், தண்ணீர் இன்றைக்கும் நான்தான் தூக்குகிறேன், பிறகு எதற்கு அவர்களுக்குப் பங்கு என்று ஒவ்வொரு தடவை கட்டும்போதும் புலம்புவேன். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். ரசீதை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிட்டு, ‘கட்டியாச்சுல்ல, போ’ என்பாள்.

எதிர்வீட்டு அண்ணனுடைய கீற்றுக்குள் எலி குடிவந்தது. அவர் பெண்டாட்டி ஒருநாள் எங்கள் பின்பக்கம் வந்து, தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்து, ‘உன்னால பேஜாருடா எனக்கு. உன் மச்சான் எப்போ வருவான்?’ என்று கேட்டார்.

சுண்ணாம்புக்கு வரி இல்லை என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், தெருப் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. வெறும் வெள்ளை வேண்டாம், கொஞ்சம் நீலம் கலக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனைதான் தப்பு. எவ்வளவு நீலம் என்று யாரையும் கேட்காமல், ஏணியைப் போட்டு மேலே ஏறி, முதல் கை அடித்துவிட்டுக் கீழே பார்க்கிறேன், தெருவே கூடி நின்று…

‘இன்னாயா, இன்னும் எழுதிக்கினேதான் இருக்கியா? பின்னாடி தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. ஜல்தி வா.’

தோ, கொடத்த எடுத்துக்கினு வர்றேன்.